பள்ளி விட்ட பிறகு பின்னல் வகுப்பு: புதிதாகத் தொடங்குவோருக்கு நீலகிரியிலிருந்து ஒரு வழிகாட்டி

குன்னூர்ப் பக்கத்தில் உள்ள அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் படிக்கும் 15 பிள்ளைகளுக்கு, மாலையில் பள்ளி விட்ட பிறகு கம்பளி நூலில் பின்னக் கற்றுக்கொடுக்கலாம் என்று இறங்கியபோது, எனக்குப் பின்னத் தெரியும் என்பதே போதுமான தகுதி என்று எண்ணியிருந்தேன். முதல் ஆண்டில் என் வகுப்பு மூன்றாவது வகுப்போடு நின்றுபோனது. கையில் அனுமதிக் கடிதம் இல்லை. தேர்ந்தெடுத்த மாதம் மழை மாதம். பின்னச் சொன்ன பொருள், பெரியவர்களுக்கே ஒரு மாதம் பிடிக்கும் மஃப்ளர். அடுத்த ஆண்டு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு தொடங்கிய பிறகுதான் 15 பேரில் 13 பேர் ஆளுக்கு ஒரு காதுப்பட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் நான் பட்டதை, நீங்கள் படாமல் இருப்பதற்காக வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன்.

சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்று குறிப்பிடுகிறேன். ஓர் ஊசியில் உள்ள கண்ணிகள் அனைத்தும் மற்ற ஊசிக்கு மாறி முடிந்தால் அது ஒரு வரிசை. கடையில் ‘உல்லன் நூல்’ என்றுதான் கேட்க வேண்டும். கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழை நூலாகத்தான் இருக்கும், பிள்ளைகளுக்கு அதுவே நல்லது. கொக்கி ஊசியில் போடும் குரோஷா வேறு வேலை. இக்கட்டுரை இரட்டை ஊசிப் பின்னலைப் பற்றியது மட்டுமே.

1. பின்னப்போகும் பொருளைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்

எல்லோரும் மஃப்ளரில்தான் தொடங்குகிறார்கள். நேராகப் பின்னிக்கொண்டே போனால் போதும், நடுவில் கண்ணியைக் கூட்டுவதும் குறைப்பதும் இல்லை என்பதால் அது எளிது என்று தோன்றும். எளிதுதான், ஆனால் முடியாது. 4 மில்லிமீட்டர் ஊசியில் 24 கண்ணி ஏற்றினால் (தொடக்கத்தில் ஊசியில் வளையங்களைப் போடுவதுதான் ஏற்றுவது) ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் அகலம் வரும். 90 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுமார் 360 வரிசை வேண்டும். 24-ஐ 360-ஆல் பெருக்கினால் 8,640 கண்ணி. கற்றுக்கொண்டு ஒரு மாதம் ஆன பிள்ளை நிமிடத்துக்கு 10 கண்ணி போடுவதை நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். 45 நிமிட வகுப்பில் வருகைப் பதிவு, நூல் சிக்கு எடுப்பது, பையைக் கட்டி வைப்பது எல்லாம் போக 35 நிமிடம்தான் கை ஓடும். அப்படியானால் ஒரு மஃப்ளருக்கு 25 வகுப்பு வேண்டும். வாரம் ஒரு வகுப்பு என்றால் பாதிப் பின்னலோடு முழு ஆண்டுத் தேர்வு வந்துவிடும்.

ஆகவே காது மூடும் பட்டையைத் தேர்ந்தெடுங்கள். நூலை இரட்டை இழையாகச் சேர்த்து, 5.5 மில்லிமீட்டர் ஊசியில் 16 கண்ணி ஏற்றி, 130 வரிசை பின்னினால் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலமும் 46 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பட்டை கிடைக்கும். இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தால் அது இழுபட்டு 12 வயதுப் பிள்ளையின் தலையில் சரியாக உட்காரும். மொத்தம் 2,080 கண்ணி, அதாவது 6 வகுப்பு. முன்னால் பழக 3 வகுப்பும் பின்னால் தைத்து முடிக்க 1 வகுப்பும் சேர்த்தால் 10 வகுப்பில் வேலை முடிகிறது. கணக்கு இப்படி முடிந்தால்தான் வகுப்பும் முடியும்.

நீங்கள் சென்னையிலோ மதுரையிலோ இருந்தால் காதுப்பட்டைக்கு வேலை இல்லை. வியர்க்கும் கையில் அக்ரிலிக் நூல் ஊசியோடு ஒட்டிக்கொண்டு நகராது என்பதால் பருத்தி நூலை எடுத்து, கைபேசி உறையோ பாத்திரம் துடைக்கும் சதுரத் துணியோ பின்னச் சொல்லுங்கள். திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பனியன் வெட்டுத்துண்டுகளை விரலகல நாடாவாகக் கத்தரித்து இழுத்துவிட்டால் அது சுருண்டு தடித்த நூலாகிவிடும். பெரிய ஊசியில் மிதியடி பின்ன அதைவிட மலிவான பொருள் இல்லை.

2. மாதத்தையும் கிழமையையும் குறியுங்கள்

நீலகிரி முழுவதற்கும் ஒரே மழை அன்று. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கொட்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமாக இருக்கும் என்பதால் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சாலையில் மண் சரிந்து, பள்ளிக்கு விடுமுறை அறிவிக்கப்படும். நான் முதல் ஆண்டு குன்னூரில் அக்டோபரில் தொடங்கினேன். முதல் ஆறு வாரங்களில் மூன்று வகுப்புதான் நடந்தது. குன்னூர், கோத்தகிரியில் நடத்துபவர்கள் ஜூன் கடைசி வாரத்தில் தொடங்கி, செப்டம்பர் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடித்துவிடுங்கள். கூடலூர்ப் பக்கத்தில் நடத்துபவர்கள் காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு தொடங்கி, அரையாண்டுத் தேர்வுக்கு முன் முடிக்கலாம். இயன்றவரை 10 வகுப்புக்கு 12 வாரம் ஒதுக்குங்கள்.

கிழமையைத் தேர்ந்தெடுக்கும்போது வெள்ளியைத் தவிருங்கள். வார இறுதிக்கு உறவினர் வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் அன்று மணி அடித்தவுடன் ஓடிவிடுவார்கள். நான் புதன்கிழமை நடத்தினேன். வகுப்பைப் பள்ளி விட்ட 10 நிமிடத்துக்குள் தொடங்கி 45 நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். எஸ்டேட் லைன் வீடுகளுக்கு நடந்து போகும் பிள்ளைகள் இருட்டுவதற்கு முன் வீடு சேர வேண்டும் என்பதை எங்கள் மலையில் யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மாலை மங்கியதும் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் காட்டெருமை நிற்கும், மழைக்காலத்தில் மூடுபனி இறங்கினால் அது பத்தடி தூரத்தில் நிற்பதுகூடத் தெரியாது.

3. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

இந்தப் படியில்தான் நான் தடுக்கி விழுந்தேன். தலைமையாசிரியர் நல்லவர், ‘தாராளமாக வந்து நடத்துங்கள்’ என்றார், நானும் நடத்தினேன். பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி, இவர் யார், எந்த உத்தரவின்பேரில் உள்ளே வந்திருக்கிறார் என்று கேட்டபோது, காட்டுவதற்குத் தலைமையாசிரியரிடம் ஒரு தாளும் இல்லை, என்னிடமும் இல்லை. அதிகாரி கேட்டதில் தவறில்லை. முன்பின் தெரியாத ஒருவர் பிள்ளைகளோடு மாலையில் இருக்கிறார் என்றால் கேட்கத்தான் வேண்டும்.

நடுநிலைப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் விண்ணப்பம் எழுதுங்கள். தனியார் பள்ளியானால் நிர்வாகத்தின் கடிதம் போதும், ஆனால் அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும். விண்ணப்பம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். யார், எந்த வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர், எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும், பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கப்படாது, கூட இருக்கப்போகும் ஆசிரியர் யார் என்ற விவரங்கள் இருந்தால் போதும். கடைசித் தேதி இல்லாத விண்ணப்பம் மேசையிலேயே கிடக்கும். ‘10 வகுப்பு, இந்தத் தேதியோடு முடிகிறது’ என்று இருந்தால் கையெழுத்துப் போடுபவருக்கும் தயக்கம் இருப்பதில்லை.

அதனோடு இணைக்க வேண்டியவை: ஆதார் அட்டை நகல், புகைப்படம், காவல்துறையின் சரிபார்ப்புச் சான்று. கடைசியாகச் சொன்னதைச் சில பள்ளிகள் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தலாம். நிலையத்திலிருந்து விசாரிக்க அழைக்கும்போது வீட்டு முகவரியும் ஆதாரில் உள்ள முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். என் ஆதாரில் பழைய வாடகை வீட்டு முகவரி இருந்ததால் அதைத் திருத்தி, மறுபடி விண்ணப்பித்து, சான்று கைக்கு வர ஐந்து வாரம் ஆனது. எனவே ஜூனில் வகுப்பு என்றால் ஏப்ரலிலேயே இதைத் தொடங்கிவிடுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டம் எப்போது என்று கேட்டு, அதில் ஐந்து நிமிடம் பேச அனுமதி வாங்குங்கள். அக்குழுவில் பெற்றோர்கள்தான் பெரும்பான்மை. தீர்மானப் புத்தகத்தில் உங்கள் வகுப்பைப் பற்றி இரண்டு வரி ஏறிவிட்டால், தலைமையாசிரியர் மாற்றலாகிப் போனாலும் வகுப்பு நிற்காது. கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாமல் நீங்கள் பின்னிய ஒரு காதுப்பட்டையை எடுத்துச் செல்லுங்கள். நான் எடுத்துச் சென்றதை ஒரு பாட்டி வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு, கூட்டம் முடியும்வரை கழற்றவே இல்லை; அதற்குமேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

4. பெற்றோர் ஒப்புதலும் வீடு திரும்பும் ஏற்பாடும்

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஒப்புதல் படிவம் தேவை. அதில் பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோரின் கைபேசி எண், வகுப்பு முடிந்த பிறகு பிள்ளை எப்படி வீடு திரும்பும், யாரோடு திரும்பும், கம்பளி நூல் பட்டால் தோலில் அரிப்பு வருமா, ஆஸ்துமா உண்டா என்ற கேள்விகள் இருக்கட்டும். புகைப்படம் எடுக்கச் சம்மதமா என்பதைத் தனி வரியாகக் கேளுங்கள். சம்மதம் கிடைத்தாலும் பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை வலைத்தளங்களில் போட வேண்டாம். கைகளையும் பின்னலையும் மட்டும் எடுத்தால் போதும்.

வகுப்பு நடக்கும் நேரம் முழுவதும் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளையோடு மட்டும் தனியாக அறையில் இருக்கும் நிலை எந்தக் காரணத்துக்காகவும் வரக்கூடாது. இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ஐயும் வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பையன்களைச் சேர்ப்பதைப் பற்றி உங்களிடம் கட்டாயம் கேட்பார்கள். என் வகுப்பில் 15 பேரில் 6 பேர் பையன்கள். படிவத்தில் ‘மாணவிகள்’ என்று அச்சடிக்காமல் ‘மாணவர்கள்’ என்று அச்சடித்தேன், அவ்வளவுதான். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

5. ஊசியும் நூலும் வாங்கும்போது ஏமாறாதீர்கள்

ஊசியின் எண்ணில்தான் முதல் பொறி. நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண் இருக்கும். அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 8-ஆம் எண் 4 மில்லிமீட்டர். 10-ஆம் எண் 3.25, 12-ஆம் எண் 2.75. நமக்கு வேண்டிய 5.5 மில்லிமீட்டர் ஊசி 5-ஆம் எண். அமெரிக்க எண் இதற்குத் தலைகீழ்: அங்கே எண் கூடினால் ஊசி தடிக்கும், அவர்களுடைய 8-ஆம் எண் 5 மில்லிமீட்டர். யூடியூபில் அமெரிக்கர் ஒருவர் ‘8-ஆம் எண் ஊசி’ என்று சொன்னதைக் கேட்டு நம் கடையில் 8-ஆம் எண்ணை வாங்கினால், துணி பலகை போல விறைத்துக்கொள்ளும். எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரில் மட்டும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அளவு ஓட்டைகள் உள்ள ஸ்கேலைக் கையில் கொண்டுபோங்கள்.

அலுமினிய ஊசி வழுக்கும். பழகிய கைக்கு அது வேகம். புதிய கைக்கு அது பாதி வரிசையைக் கொட்டிவிடும் சனியன். சற்று விலை கூடினாலும் மூங்கில் ஊசியே வாங்குங்கள். நீளம் 25 சென்டிமீட்டர் போதும். 35 சென்டிமீட்டர் ஊசி பெஞ்சில் இடிக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் விலாவிலும் இடிக்கும். 15 பேருக்கு 17 ஜோடி வாங்குங்கள். ஏதாவது ஒரு ஜோடி உடையும், ஒரு ஜோடி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

நூல் வழுவழுப்பாகவும் வெளிர் நிறமாகவும் இருக்கட்டும். மூடுபனி நாளில் வகுப்பறை 4.30 மணிக்கே மங்கிவிடும்; கறுப்பு, கருநீல நூலில் கண்ணி எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது, பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பிசிறு பறக்கும் நூலும் வேண்டாம், தப்பாகப் போனால் அதைப் பிரிக்க முடியாது. லேபிளில் சாயத் தொகுதி எண் என்று ஒன்று இருக்கும். ஒரே நிறத்தில் வாங்கும் உருண்டைகள் அனைத்திலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பட்டையின் பாதியில் நிறம் மாறியது வெயிலில் பளிச்சென்று தெரியும்.

இரட்டை இழையில் ஒரு தொல்லை உண்டு. பிள்ளைகள் இரண்டு இழைகளில் ஒன்றை மட்டும் ஊசியில் எடுத்து, மற்றதைத் தொங்கவிட்டுவிடுவார்கள். இரண்டு இழையையும் ஒரே நிறமாக வைக்காமல், மஞ்சளும் ஆரஞ்சும் போல இரு நிறமாகச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்று விட்டுப்போவது உடனே கண்ணில் படும். இரண்டையும் சேர்த்து முன்கூட்டியே ஒரே உருண்டையாகச் சுற்றி வைத்துவிடுங்கள். சிட்டமாக வாங்கிய நூலை வகுப்பில் பிள்ளைகளைக் கொண்டே சுற்றிவிடலாம் என்று திட்டமிட்டு நான் ஒரு முழு வகுப்பை இழந்தேன். உருண்டையை இறுக்கமாகவும் சுற்றாதீர்கள். இழுபட்ட நூலில் பின்னிய பட்டை, துவைத்ததும் சுருங்கும்.

6. பணக் கணக்கு

நான் வாங்கிய விலைகளைத் தருகிறேன். கடைக்குக் கடை இது கூடும், குறையும். ஒரு பட்டைக்கு 50 கிராம் நூல். 15 பேருக்கு 750 கிராம், வீணாவதற்கும் பழகுவதற்கும் சேர்த்து 1 கிலோ. 100 கிராம் ₹90 வீதம் ₹900. ஊசி 17 ஜோடி, ₹60 வீதம் ₹1,020. தைத்து முடிக்க மழுங்கிய முனையுள்ள பெரிய கண் ஊசி 6, ₹60. முனை மழுங்கிய கத்தரிக்கோல் 2, ₹120. விட்ட கண்ணியைத் தூக்கக் கொக்கி ஊசி 2, ₹60. நூலும் ஊசியும் போட்டுவைக்கத் தையல்காரரிடம் மீந்த துணியில் தைத்து வாங்கிய 15 பை, ₹300; எங்கள் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் அந்த நினைப்பே வேண்டாம். அளவு நாடா ₹20, படிவ நகல்களும் பதிவேடும் ₹120. மொத்தம் ₹2,600.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்து நிம்மதியாக இருந்தேன். முதல் வகுப்பிலேயே ஓட்டை தெரிந்தது. மதியம் சத்துணவு சாப்பிட்ட பிள்ளைகள் 4.30 மணிக்குப் பசியோடு உட்கார்ந்தால் ஊசி எப்படி நகரும்? ஆளுக்கு ஒரு ₹5 பிஸ்கட் பொட்டலம், 10 வகுப்புக்கு ₹750. ஆக ₹3,350, ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ ₹223. இதில் என் பேருந்துச் செலவும் காவல்துறைச் சான்றுக் கட்டணமும் சேரவில்லை. பிஸ்கட்டை வகுப்பு தொடங்குமுன் கொடுத்து, கைகழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். கிரீம் பிஸ்கட் வாங்கி நான் ஒருமுறை மஞ்சள் நூலைப் பழுப்பு நூலாக்கினேன். இரண்டாம் ஆண்டு ஊசி, பை, கத்தரிக்கோல் எல்லாம் இருக்கும் என்பதால் செலவு பாதியாகும்.

பிள்ளைகளிடம் பணம் வாங்காதீர்கள். நன்கொடையாக யாராவது கொடுத்தால் பணமாக வாங்குவதைவிட நூலாகவே வாங்கித் தரச் சொல்வது எளிது. எதுவானாலும் பில்லை ஒட்டிவைக்க ஒரு நோட்டு இருக்கட்டும்.

7. முதல் மூன்று வகுப்புகள்

முதல் வகுப்பில் ஊசியை வெளியே எடுக்காதீர்கள். இடக்கையின் நான்கு விரல்களில் நூலை முன்னும் பின்னுமாக ஓட்டி, கீழே உள்ள வளையத்தை மேலே உள்ள நூலுக்கு மேலாகத் தூக்கி விரலுக்குப் பின்னால் விடும் விரல் பின்னலைக் கற்றுக்கொடுங்கள். அரை மணி நேரத்தில் ஒவ்வொருவர் கையிலிருந்தும் ஒரு முழ நீளக் கயிறு தொங்கும். வளையத்துக்குள் நூல் போய் வளையமாகவே வெளியே வருகிறது என்பதைக் கை புரிந்துகொண்டால், ஊசி அந்த விரலுக்குப் பதிலாக வந்த கருவிதான்.

இரண்டாம் வகுப்புக்கு முன்னால், 15 ஜோடி ஊசியிலும் நீங்களே 16 கண்ணி ஏற்றி, இரண்டு வரிசை பின்னி வைத்துவிடுங்கள். இதற்கு எனக்கு இரண்டு மாலை பிடித்தது. முதல் வரிசைதான் எல்லாவற்றிலும் கடினமானது. அதைப் புதிய கையில் கொடுத்தால், அன்றைக்கே நான்கு பேர் ‘எனக்கு வராது’ என்று எழுந்துவிடுவார்கள். கண்ணி ஏற்றக் கற்றுக்கொடுப்பதை நம் பத்து வகுப்புகளில் எட்டாவதற்குமேல் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னும் முறையை நான் நான்கு சொல்லாகச் சுருக்கினேன்: குத்து, சுத்து, இழு, தள்ளு. வலக்கை ஊசியை முதல் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழைப்பது குத்து. பின்னால் இருக்கும் நூலை அந்த ஊசியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றுவது சுத்து. சுற்றிய நூலைக் கண்ணிக்குள் வழியாக முன்னுக்குக் கொண்டுவருவது இழு. பழைய கண்ணியை இடக்கை ஊசியிலிருந்து விடுவிப்பது தள்ளு. 15 பேரும் ஒன்றாக இதைச் சொல்லிக்கொண்டு பின்னினால் பக்கத்து அறை ஆசிரியர் எட்டிப்பார்ப்பார், பரவாயில்லை. வேறு எந்தப் பின்னலும் வேண்டாம். எல்லா வரிசையையும் இப்படியே பின்னினால் இரு பக்கமும் ஒரே மாதிரி வரப்பு வரப்பாக வரும், ஓரமும் சுருளாது.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளை எதிரில் உட்கார வைத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோலச் செய்யச் சொல்லலாம். ஆனால் பின்னலில் இரு கைக்கும் வேலை உண்டு என்பதால், முதலில் மற்றவர்களைப் போலவே முயலவிட்டுப் பாருங்கள். என்னிடம் இருந்த இருவரில் ஒருத்திக்கு அதுவே வந்துவிட்டது. மற்றவனுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் வந்தது, அவனை அப்படியே விட்டுவிட்டேன்.

ஊசியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். கையில் ஊசியோடு யாரும் எழுந்து நடக்கக்கூடாது. சந்தேகம் இருந்தால் கையைத் தூக்கட்டும், நீங்கள் அவர்களிடம் போங்கள்.

8. நான்காவது பின்னல் வகுப்பு முதல் வரும் தொல்லைகள்

நான்காம் வாரம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “மிஸ், என் கம்பளி குட்டி போடுது” என்றான். வாங்கிப் பார்த்தேன். 16 கண்ணியில் தொடங்கிய பட்டை 23 கண்ணியாகி, முறம் போல விரிந்துகொண்டு போயிருந்தது. அவனைப் பின்னச் சொல்லி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை முடிந்து ஊசியைத் திருப்பியதும், நூலை மேல்நோக்கி இழுத்து, ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் கொண்டுபோனான். அப்படி இழுத்ததும் முதல் கண்ணி மேலேறி, அதன் இரண்டு கால்களும் இரண்டு கண்ணிகள்போல ஊசியில் உட்கார்ந்துகொண்டன. அவன் இரண்டையும் தனித்தனியாகப் பின்னினான். 7 வரிசையில் 7 குட்டி. நூலைக் கீழே இழுத்துவிட்டு, ஊசிக்கு அடியாகவே பின்பக்கம் கொண்டுபோகச் சொன்னேன். அதன்பிறகு குட்டி போடவில்லை. புதிதாகப் பின்னுவோரில் பலருக்கு இது நடக்கும். அதனால் ஒவ்வொரு நான்காம் வரிசையிலும் எண்ணும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவாருங்கள். கண்ணி கூடும் இன்னொரு வழி, நூல் முன்னால் கிடக்கும்போதே அடுத்த கண்ணியைக் குத்திவிடுவது. அப்போது துணியில் ஒரு ஓட்டையும் சேர்ந்து விழும் என்பதால் கண்டுபிடிப்பது எளிது.

கண்ணி விட்டுப்போய் ஏணிபோலக் கீழே இறங்கினால், பிள்ளை பதறி இழுப்பதற்கு முன் அதில் ஓர் ஊக்கைக் குத்தி நிறுத்தச் சொல்லுங்கள். ஊக்கு போட்ட கண்ணி எங்கும் போகாது. நீங்கள் ஆற அமர வந்து கொக்கி ஊசியால் ஏற்றிக்கொடுக்கலாம்.

இறுக்கிப் பின்னும் பிள்ளைகள் தனி ரகம். நூலை ஒவ்வொரு முறையும் சுண்டி இழுத்து, பத்து வரிசைக்குள் ஊசி நுழையாத அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ‘தளர்த்திப் போடு’ என்று சொல்லிப் பயனில்லை. ஊசியின் கூர்முனையிலேயே கண்ணியை உருவாக்குவதுதான் காரணம்; சற்று உள்ளே, தடித்த பகுதியில் கண்ணி உட்காரும்படி செய்தால் தானாகத் தளரும்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஏழாவது பின்னல் வகுப்புவரை வேண்டாம். கொடுத்தால் பாதி ஊசி திரும்பாது. திரும்பியதிலும் அம்மாவோ பாட்டியோ பத்து வரிசை போட்டிருப்பார்கள், அந்த இடத்தில் மட்டும் பின்னல் அழகாக இருக்கும். ஏழுக்குப் பிறகு, பின்தங்கியவர்களுக்கு மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

9. முடிப்பதும் கணக்கை ஒப்படைப்பதும்

கண்ணி அடைப்பதை, அதாவது பின்னல் பிரியாமல் கடைசி வரிசையை மூடுவதை, ஒவ்வொருவருக்கும் அருகில் உட்கார்ந்து காட்ட வேண்டும்: இரண்டு கண்ணி பின்னி, முதல் கண்ணியை இரண்டாவதன் மேலாகத் தூக்கிவிடுவது, பிறகு ஒன்று பின்னி மறுபடி தூக்குவது. ஆளுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். 15 பேருக்கும் ஒரே நாளில் வைத்தால் முடியாது என்பதால் முந்தியவர்களுக்கு ஒன்பதாவது பின்னல் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள். நூலை வெட்டும்போது ஒரு சாண் நீளம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். ஒட்ட வெட்டிவிட்டால் தைக்கவும் முடியாது, முனையை உள்ளே மறைக்கவும் முடியாது. தைத்த பட்டையைக் குளிர்ந்த நீரில் கையால் அலசி, நிழலில் விரித்துப் போட்டால் போதும் என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். அக்ரிலிக்கை இஸ்திரி போட்டால் அது தட்டையாகி, இழுவையை இழந்துவிடும். ஒரு பிள்ளையின் அப்பா ஆசையாக இஸ்திரி போட்டு அனுப்பியதை நான் மறுபடி பின்னிக்கொடுத்தேன்.

கடைசி வகுப்புக்கு அடுத்த நாள் தலைமையாசிரியருக்கு ஒரு முடிவுக் கடிதம் கொடுங்கள். எத்தனை வகுப்பு நடந்தது, எத்தனை பேர் முடித்தார்கள், எவ்வளவு செலவானது, பள்ளியில் விட்டுச்செல்லும் பொருள்கள் எவை என்று எழுதி, நகலில் பள்ளி முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தோடு இந்த நகலை இணைத்தேன். போன முறை ஏழு வாரம் ஆன அனுமதி இந்த முறை ஒன்பது நாளில் வந்தது. ஊசிகளை எண்ணி, ஈரம் படாத தகரப் பெட்டியில் போட்டு, இரண்டு கற்பூர வில்லையோடு பள்ளி பீரோவில் வைத்துவிட்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.